உள்ளங்கை செய்யும் திருத்தம்



எங்கள் இதழுக்கு மின்னஞ்சலில் வரும் கதை, கட்டுரைகளில் ஒரு விசித்திரமான பிழையை எங்கள் மெய்ப்புத் திருத்துநர் அடிக்கடி பிடித்துக் காட்டுகிறார். மூன்றாம் பத்தியில் கதாநாயகி பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருப்பாள். வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கும். மீதிப் பாதியோ முதல் பத்தியில், அவளுடைய தாத்தாவின் சாவு வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால் பதறிப்போகிறார். "சார், நான் சரியாத்தான் அடிச்சேன்!" சரியாகத்தான் அடித்திருப்பார். லேப்டாப்பில் அடித்தீர்களா என்பதுதான் எங்களுடைய அடுத்த கேள்வி.

விசைப்பலகைக்குக் கீழே வழவழப்பாக இருக்கிறதே, அந்த டச்பேடின் வேலை இது. அதன் பரப்புக்கு அடியில் மெல்லிய மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டுதான் விரல் எங்கே இருக்கிறதென்று கருவி கணக்கிடுகிறது. அழுத்த வேண்டிய தேவையே இல்லை. ஆகவே கட்டைவிரலின் அடிச்சதை லேசாக உரசினாலும் அதைத் தட்டல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அம்புக்குறி எங்கே கிடக்கிறதோ அங்கே கர்சர் தாவிவிடும். விசைகளைப் பார்த்தே அடிக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இரண்டு வரி போயிருக்கும். மே மாதத்து வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஈரமும் டச்பேடைக் குழப்பும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்தவர்களின் பிரதிகளில் இந்தக் கோளாறு அநேகமாக இருப்பதில்லை. தட்டச்சுப் பொறியில் மணிக்கட்டை ஊன்ற இடம் கிடையாது. கையைத் தூக்கி வைத்தே பழகியவர்கள் அவர்கள். ஊன்றச் சொல்லிக் கொடுத்தது லேப்டாப்தான். 1991-இல் வந்த ஆப்பிளின் பவர்புக், விசைப்பலகையைத் திரைப் பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் நடுவில் ஓர் உருளும் பந்தையும் இரு பக்கமும் உள்ளங்கை வைக்க இடத்தையும் கொடுத்தது. 1994-இல் பவர்புக் 500 வரிசையில் பந்து போய் டச்பேட் வந்தது. ஐபிஎம் வேறு வழியில் போயிற்று. 1992-இல் வந்த திங்க்பேடில் விசைகளுக்கு நடுவே ஒரு சின்ன சிவப்புக் குமிழ். விசைப்பலகையை விட்டு விரல் நகராமலே அம்புக்குறியை ஓட்டலாம். எழுதுகிற சாதிக்கு ஏற்றது அதுதான் என்பது என் கட்சி. சந்தை என் பேச்சைக் கேட்கவில்லை. டச்பேட் வளர்ந்துகொண்டே போய், 2016-இன் 15 அங்குல மேக்புக் ப்ரோவில் முந்தையதைப் போல இரு மடங்காகிவிட்டது.

புதிய கணினிகள் பட்டது விரலா உள்ளங்கையா என்று அகலத்தை வைத்து ஓரளவு பிரித்தறிகின்றன; தட்டச்சு நடக்கும்போது டச்பேடைக் கண்டுகொள்ளாமலும் இருக்கின்றன. பழைய, விலை குறைந்த கணினிகளில் இந்தச் சாமர்த்தியம் குறைவு. மவுஸ் வைத்து எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை: டச்பேடை அணைத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதை அணைப்பதா என்று தயங்க வேண்டாம்.

பல லேப்டாப்களில் மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட விசை ஒன்று இருக்கும். அதை மட்டுமோ, எஃப்என் விசையோடு சேர்த்தோ அழுத்தினால் தீர்ந்தது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட் என்று போனால், மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அங்கேயுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். மேக்கில் இதே வசதி ஆக்சசபிலிட்டிக்குள், பாயின்டர் கன்ட்ரோல் என்ற இடத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளோடு அதை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. கை நடுங்கும் பெரியவர் ஒருவருக்கு இது வெறும் சௌகரியம் இல்லையே.

அணைக்கவும் மனமில்லை என்றால், தட்டினால் கிளிக் ஆகும் வசதியை மட்டும் நிறுத்துங்கள். பாதித் தொல்லை போய்விடும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் மவுஸை வீட்டில் விட்டுவிட்டு, அதன் குட்டி ரிசீவரை மட்டும் லேப்டாப்பில் செருகியபடி ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. கணினி அந்த ரிசீவரையே மவுஸ் என்று நம்பி டச்பேடை அணைத்தே வைத்திருக்கும். டச்பேட் செத்துவிட்டதாக எண்ணி சர்வீஸ் கடைக்கு ஓட வேண்டாம். ரிசீவரைப் பிடுங்கினால் உயிர் வந்துவிடும்.

சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் கர்சர் நடுங்குகிறதா? அங்கே குற்றவாளி உங்கள் கை அல்ல. சுவரில் எர்த் சரியாக இருக்கிறதா, மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக்கும் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொரு கோளாறு வந்தால் மட்டும் டச்பேடை அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பியிருந்தாலோ, அழுத்தினால் கிளிக் ஆகாமல் கல்லாக நின்றாலோ, லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஆடினாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் அடியிலோ ஒட்டியோதான் இருக்கிறது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. டச்பேடை அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். கணினியை அணைத்துவிட்டு நேரே சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள். அடிக்க வேண்டிய கதை பாக்கியிருந்தால் கையால் எழுதி அனுப்புங்கள், நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்