கருவி தெரிதல்

ஆண்டுதோறும் நவராத்திரி நிறைவில் நூல்களை அடுக்கி மலரிட்டுக் கலைமகளை வணங்குகின்றோம். அவ்வேளையிலேயே கருவிகளுக்கும் பொட்டிட்டுப் பூசை செய்தல் நம் முன்னோர் வழக்கு. நூலுக்கும் கருவிக்கும் ஒரே பீடம் அளித்த பெரியோர் அவர். ஆயின் மறுநாளே நூல் மேசைக்கும் கருவி மூலைக்கும் செல்கின்றன. இக்குறை நோக்கியே இம்மலரிற் சில சொல்லத் துணிந்தோம்.

பரந்தனுக்கும் உப்புக்கும் உள்ள உறவை யாவரும் அறிவர். வடக்கே ஆனையிறவு உப்பளம். அதன் உப்பை நம்பியே 1950களில் இங்கு இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தி எரிசோடாவும் குளோரீனும் பெற்றனர். போர்ச் சூழலால் 1985இல் அதன் உற்பத்தி நின்றது. அன்று அத்தொழிற்சாலைக்கு வாழ்வளித்த அதே உப்புத்தான் எம் கூரை ஆணியையும் கதவுப் பிணைச்சலையும் அரித்துத் தின்கின்றது. ஆதலின் பிறவூருக்கு ஏற்ற பொருள் இவ்வூருக்கும் ஏற்கும் என்று கொள்ளலாகாது.

எம்மவர் கைவன்மையில் எமக்கு ஐயமில்லை. 1990களில், பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் அரிதாயிருந்த நாளில், சிறிது பெற்றோல் விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலியையும் மூத்தோர் மறந்திரார். அன்று தெரிவுக்கு இடமில்லை. அகப்பட்டதே பொருள், கிடைத்ததே கருவி. அத்திறமை போற்றற்குரியது. எனினும் மண்ணெண்ணெய் குடித்த இயந்திரம் கரிபடிந்து நைந்ததையும் நினைத்தல் வேண்டும். இன்று கடையிற் பலவகை ஆணி உண்டு. தெரிந்தெடுக்கும் வாய்ப்பும் வசதியும் உள்ளோரும் மலிந்ததையே வாங்கி, ஒரே பழுதை ஆண்டுதோறும் பார்ப்பது ஏன்? 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியபோது, கெட்டதை எறிந்து புதிது வாங்கும் பழக்கம் எத்துணைச் செலவுடையது என்பதை யாவரும் உணர்ந்தோம்.

முதலிற் பொருளைத் தெரிக. மின்முறையால் மெல்லிதாக நாகம் பூசிய ஆணி கண்ணுக்கு மினுங்கும். உருகிய நாகத்தில் தோய்த்த ஆணி மங்கலாகத் தோன்றும். ஆயினும் பின்னதன் பூச்சே தடித்தது. உப்புக் காற்றில் நெடிது நிற்பதும் அதுவே. கொங்கிறீற்றுக்கு உவர் மணலும் உவர் நீரும் ஆகா. உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, மேற்பூச்சைப் பிளக்கும். கைமரத்துக்கு வைரமேறிய முதிர்ந்த பனையைத் தெரிக; இளமரம் கறையானுக்கு விருந்து.

பின்னர்க் கருவியைத் தெரிக. நாற்பது கருவி நிறைந்த மலிவான பெட்டியினும் நல்ல ஐந்து கருவிகள் மேலானவை. மரையாணியின் ஆறு மூலையையும் பற்றும் வளைய ஸ்பனர் இருக்க, வாய் தளர்ந்த ஸ்பனரால் திருகி மூலையை மழுக்குதல் பழுதின்மேற் பழுது. சுத்தியற் பிடியில் மர இழை நேராக ஓடுகின்றதா என்று பார்க்க. குறுக்கே ஓடினால் அடிக்கும்போது பிளந்து ஊறு செய்யும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசாத கருவி, இவ்வூர்க் காற்றில் ஒரு மாரியிலேயே துருவேறிவிடும்.

“மாணவர் படிப்பதா, பழுதுபார்ப்பதா?” என வினவுவார் உளர். நாகம் தான் அரிந்து இரும்பைக் காப்பது இரசாயனவியல். நீண்ட ஸ்பனர் குறைந்த விசையால் மரையைத் திருப்புவது பௌதிகவியல். கரும்பலகையிற் கற்றதைக் கையாற் கற்றால் மறவாது.

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் தாயகக் கல்லூரிகளுக்கு அள்ளி வழங்குகின்றனர். அவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. நீர்ப்பம்பி தருவோர், அதன் மரைகளுக்கேற்ற ஸ்பனர்களையும் மாற்று வாசர்களையும் உடன் தருக. நூறு ரூபா கொடையிற் பத்து ரூபாவைப் பராமரிப்புக்கென ஒதுக்குக. கல்லூரி அக்கருவிகளை ஓர் ஆசிரியர் பொறுப்பில் வைத்து, மாணவர் கையில் கொடுத்துப் பழக்குக. இவ்வேற்பாடு இல்லாவிடின், ஓர் உரூபா வாசர் இன்மையால் இலட்ச ரூபாப் பம்பி வாளாகிடக்கும். பிள்ளைகள் நீருக்கு வாளி சுமப்பர்.

அடுத்த ஆயுத பூசையில் பீடமேறும் சுத்தியல், பிடி கைபட்டு மெருகேறியதாய் இருக்கட்டும்.