கேஷ் கொடி சார்!

ஸ்ரீரங்கப்பட்டணம் பணத்துக்குப் புதுசான ஊர் இல்லை. திப்பு சுல்தான் காலத்தில் இங்கே நாணயச்சாலை இருந்தது. ஒரு பக்கம் யானை போட்ட அந்தச் செப்புக் காசைப் பழங்காசு சேர்க்கிறவர்கள் இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறார்கள். இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் போனால் மைசூர். அங்கே 1996லிருந்து ரூபாய் நோட்டு அச்சகம் ஓடுகிறது. 2016ல் வந்த அந்த ரோஸ் கலர் 2000 ரூபாய் நோட்டு அங்கேயும் அச்சானது. (2023 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள். பாவம், ஏழு வருஷம்கூட முழுசாக வாழவில்லை.)

இப்படிக் காசு அடித்த ஊருக்கும் நோட்டு அடிக்கும் ஊருக்கும் நடுவில் உட்கார்ந்து வங்கி உத்தியோகம் பார்க்கிறவன் நான். திருச்சியிலிருந்து சித்தப்பா போன் பண்ணி, "என்னடா, இனிமே நோட்டே இருக்காதாமே? எல்லாம் போன்லதானாமே?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஏனென்றால் நோட்டு குறையவே இல்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்று அறிவித்தபோது நாட்டில் புழங்கிய பணம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச் கடைசியில் நோட்டுகளின் மதிப்பு மட்டும் 36 லட்சம் கோடிக்கு மேல். அப்படியே இரண்டு மடங்கு! அந்தப் பக்கம் யூ.பி.ஐ.யைப் பார்த்தால், 2016ல் பிறந்த குழந்தை 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி தடவைக்கு மேல் பணத்தைக் கைமாற்றியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வளரும்?

வளரும். தினப்படி கைமாறுகிற பணம் போனுக்குப் போய்விட்டது. பெட்டியில் படுத்திருக்கிற பணம் நோட்டாகவே இருக்கிறது. மொத்த நோட்டு மதிப்பில் 86 சதவீதம் 500 ரூபாய்த் தாள். அதை வைத்துக்கொண்டு யாரும் கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போவதில்லை. கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்க்கிற வரைக்கும், ஊரில் கண்ணில் படாமல் போய்க்கொண்டிருப்பது கசங்கிய பத்தும் இருபதும் ஐம்பதும்தான். அதாவது பெரிய மனுஷன் பணம் பத்திரமாக இருக்கிறது, சின்ன மனுஷன் பணம்தான் மறைகிறது. கேஷ் போய்விட்டது, கேஷ் போய்விட்டது என்று பேசுகிற யாரும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

சின்ன மனுஷன் பணம் மறைந்தால் என்ன, அவன்தான் போனில் வாங்குகிறானே என்பீர்கள். நானும் அதைச் சொல்லித்தான் கடை கடையாக க்யூ.ஆர். அட்டை ஒட்டச் சொன்னவன். எங்கள் தொழிலில் அதற்கெல்லாம் டார்கெட் உண்டு. சில்லறைப் பிரச்சினை இல்லை, கள்ள நோட்டுப் பயம் இல்லை, ராத்திரி கல்லாவை எண்ண வேண்டாம். எல்லாம் நிஜம். சின்ன வியாபாரிக்கு இதற்குக் கட்டணமும் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து யூ.பி.ஐ.க்குக் கமிஷன் பூஜ்யம் என்று அரசாங்கம் வைத்திருக்கிறது. (இந்தச் சேவையை நடத்துகிற செலவு பூஜ்யம் இல்லை என்பது வேறு கதை. அதில் ஒரு பகுதியை ஈடுகட்ட 2024-25க்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கினார்கள். ஓசியில் எதுவும் நடப்பதில்லை சாமி.)

அப்புறம் வந்தது 2025 ஜூலை.

கர்நாடக வணிகவரித் துறை, யூ.பி.ஐ. நிறுவனங்களிடமிருந்து வாங்கிய கணக்கை வைத்து, 2021-22லிருந்து பெரிய தொகை வரவான சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காண்டிமெண்ட்ஸ் கடை, காய்கறிக் கடை என்று ஆயிரக்கணக்கில். சரக்கு விற்கிறவர்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம், சேவை தருகிறவர்களுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பது சட்டம். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு, நாலு வருஷத்தில் 1.63 கோடி ரூபாய் வரவு என்று காட்டி 29 லட்சம் வரி கேட்டு நோட்டீஸ் போனது. பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது! வரிவிலக்குச் சரக்கு மட்டும் விற்கிறவர் பதிவே செய்ய வேண்டியதில்லை. 1.63 கோடியை நாலால் வகுத்தால் வருஷத்துக்கு 40 லட்சத்து 75 ஆயிரம். கம்ப்யூட்டர் அந்த 40 லட்சக் கோட்டைப் பார்த்தது, தராசில் இருந்த கத்தரிக்காயைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே பெங்களூரில் க்யூ.ஆர். அட்டைகள் சுவரிலிருந்து உரிந்தன. 'நோ யூ.பி.ஐ., ஒன்லி கேஷ்' என்று கையால் எழுதிய அட்டைகள் ஏறின. இந்தியாவின் கம்ப்யூட்டர் தலைநகரத்தில்! அந்தக் காற்று எங்கள் ஊருக்கும் அடித்தது. கும்பஸ் வாசலில் இளநீர் விற்கிற அம்மாவிடம் வழக்கம்போலப் போனை நீட்டினேன். "போன்பே பேடா சார், கேஷ் கொடி" என்றார். போன்பே வேண்டாம், ரொக்கம் கொடுங்க என்கிறார். எதற்கும்மா என்றேன், என் அரைகுறைக் கன்னடத்தில். "நீங்க பேங்க்காரரு, உங்களுக்குத் தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. பயம் மட்டும் வந்திருந்தது.

அவர் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 200 காய், காய் 60 ரூபாய் என்று வைத்தால் 12,000. வருஷத்துக்கு 300 நாள் வியாபாரம் என்றால் 36 லட்சம். கேட்கப் பெரிய பணம். காய்க்குக் கொடுத்தது, வண்டிக் கூலி, வெட்டுகிற பையன் சம்பளம் எல்லாம் போக அவர் கையில் நிற்பது ஒரு குமாஸ்தா சம்பளம் வருமா என்பதே சந்தேகம். தள்ளுவண்டி இளநீருக்கும் வரி கிடையாது, அது அவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, சங்கமத்துக்கு வருகிற டூரிஸ்ட் பையன்கள் "அக்கா, ஆயிரம் ரூபாய் போன்ல போடறேன், கேஷ் கொடுங்க" என்று அவரை ஏ.டி.எம். ஆக்கிவிடுவார்கள். தம்பி அனுப்பிய கைமாற்று, மகள் கல்யாணச் சீட்டுப் பணம், எல்லாமே அதே நம்பருக்கு. வங்கிக் கணக்கில் எல்லாம் 'வரவு' என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும். முதல் வருஷம் பி.காம். மாணவனுக்குக்கூடத் தெரியும், வரவு வேறு, விற்றுமுதல் வேறு, லாபம் வேறு. நோட்டீஸ் அனுப்பிய மென்பொருள் அந்த வகுப்புக்குக் கட் அடித்துவிட்டது போலிருக்கிறது :-)

ஜூலை 23 அன்று முதல்வர் சித்தராமையா வியாபாரி சங்கத்தாரைக் கூப்பிட்டுப் பேசினார். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். 25ஆம் தேதிக் கடையடைப்பு வாபஸ் ஆனது. இளநீர் அம்மாவின் அட்டையும் சில வாரத்தில் திரும்ப ஏறியது, பாதி மறைத்த மாதிரி ஒரு கோணத்தில்.

வரி ஏய்ப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கோடிக்கணக்கில் பில் இல்லாமல் விற்கிறவனைப் பிடிக்கட்டும், நானே கைதட்டுகிறேன். ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே நாளில் ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2017 ஏப்ரலிலிருந்து வருமானவரிச் சட்டத்தில் இருந்தும், நிலம் கைமாறும்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த 500 ரூபாய்க் கட்டுகளுக்கு க்யூ.ஆர். கிடையாது. வெளிச்சம் விழுவதெல்லாம் இளநீர் வண்டி மேல்தான்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊரைவிட்டு வந்து பிழைக்கிற நம் எல்லார் வீட்டிலும் இது நடந்துகொண்டிருக்கிறது.

எங்கம்மா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். அதே காவிரி, அதே ரங்கநாதர், நான் மேலே, அவர் கீழே. மாசம் பிறந்ததும் நான் பணம் அனுப்பிவிடுவேன், அரை நிமிஷ வேலை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற உங்களுக்கும் இப்போது சுலபம்தான். 2023லிருந்து பத்து நாடுகளின் போன் நம்பரை வைத்தே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கில் யூ.பி.ஐ. போட்டுக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். அனுப்புகிற முனையில் எல்லாம் பிரமாதம். வாங்குகிற முனையில்? எங்கம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பட்டன் போனுக்கும் 2022ல் யூ.பி.ஐ. 123பே என்று கொண்டுவந்தார்கள். என் கிளையில் அதைப் பயன்படுத்துகிறவர் ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஆகவே நடப்பது இதுதான்: எதிர்வீட்டுப் பையனிடம் கார்டையும் கொடுத்து, பின் நம்பரையும் சொல்லி, "ஐயாயிரம் எடுத்துண்டு வாடா கண்ணா". வங்கிக்காரன் அம்மாவே இப்படி!

2024ல் யூ.பி.ஐ. சர்க்கிள் என்று ஒன்று வந்தது. என் கணக்கிலிருந்து அம்மா செலவு செய்யலாம், மாதம் 15,000 வரை. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து இதைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அம்மா முதலில் கேட்ட கேள்வி: "நான் வாங்கறதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

தெரியும்மா, மெசேஜ் வரும்.

"அப்ப வேண்டாம்."

அவர் ஒன்றும் திருட்டுத்தனம் பண்ணப் போவதில்லை. பூக்காரிக்கு இருபது ரூபாய் கூடக் கொடுப்பார். கஷ்டத்தில் இருக்கிற ஒன்றுவிட்ட தங்கைக்கு ஐந்நூறு கையில் அழுத்துவார். நான் வேண்டாம் என்று சொன்ன ஊறுகாயை வாங்குவார். அதையெல்லாம் வெகு தூரம் தள்ளி உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் போனில் 'டிங்' என்று அடிக்கவேண்டிய அவசியம் என்ன? நம் அம்மாக்கள் எல்லாரும் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசி டின்னிலும் காசு வைத்துத்தான் குடும்பத்தை நடத்தினார்கள். அப்பாவுக்குத் தெரியாத அந்தக் காசுதான் நம் ஸ்கூல் ஃபீஸ் கட்டியது. 2016 நவம்பரில் எத்தனை வீட்டில் அந்த டின்கள் முதல்முறையாகப் புருஷன் கண்ணெதிரே கவிழ்ந்தன என்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்திருக்கிறேன். புடவைத் தலைப்பில் முடிந்துவந்த ஐந்நூறுகளை மேஜையில் வைக்கும்போது அந்தப் பெண்கள் பக்கத்தில் நிற்கிற கணவனைப் பார்க்கமாட்டார்கள்.

இளநீர் அம்மாவின் பயமும் எங்கம்மாவின் 'வேண்டாம்'மும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. போனில் பணம் கொடுப்பது ரொக்கத்தைவிட வேகம் என்பது சின்ன விஷயம். ஒவ்வொரு கைமாற்றத்தையும் மூன்றாவது ஆள் ஒருவர் எழுதி வைத்துக்கொள்கிறார் என்பதுதான் பெரிய விஷயம். அந்த மூன்றாவது ஆள் அரசாங்கமாக இருக்கலாம், வங்கியாக இருக்கலாம், பாசமுள்ள பிள்ளையாகவும் இருக்கலாம். எழுதிக்கொள்ளட்டும் என்று சம்மதிக்கிறவர்களுக்கு யூ.பி.ஐ. அருமையான வசதி, நானே தினமும் பயன்படுத்துகிறேன். சம்மதிக்காதவர்களுக்கு வேறு வழி இருக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

நம்மைவிட முன்னால் இந்தப் பாதையில் ஓடிய தேசங்கள் இப்போது கொஞ்சம் நின்று திரும்பிப் பார்க்கின்றன. நார்வேயில் 2024 அக்டோபரிலிருந்து, ஆள் வைத்து நடத்துகிற கடைகள் ரொக்கம் வாங்க மறுக்கக்கூடாது என்று சட்டத்தை இறுக்கினார்கள். ஸ்வீடனில் பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைக் கைவிட முடியாதபடி சட்டம் இருக்கிறது. நார்வேபோலக் கடைக்காரருக்கென்று வெளிப்படையான விதி நம்மிடம் இல்லை. நாம் எதிர்த்திசையில் பழகியவர்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானபோது டோல்கேட்டில் ரொக்கம் நீட்டியவனுக்கு இரண்டு மடங்கு கட்டணம் போட்டோமே!

சரி, நார்வே சட்டம் வரும்போது வரட்டும். ஏ.டி.எம்.களில் 100 அல்லது 200 ரூபாய் நோட்டு கட்டாயம் வரவேண்டும், 2025 செப்டம்பருக்குள் முக்கால்வாசி இயந்திரங்களிலும் 2026 மார்ச்சுக்குள் 90 சதவீதத்திலும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அதிகம் பேர் கவனிக்காத நல்ல உத்தரவு. உங்கள் அப்பா அம்மா போகிற ஏ.டி.எம். ஐந்நூறாகவே துப்பிக்கொண்டிருந்தால், அந்தக் கிளைக்குப் போய்க் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். எங்களுக்குப் புகார்க் கடிதம் வந்தால்தான் வேலை நடக்கும், உள்ளே இருந்து சொல்கிறேன்.

இன்னொன்று. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கிளையில் சொல்லிப் புது இருபதும் ஐம்பதுமாக இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போய் அம்மா கையில் கொடுங்கள். என்ன செலவு செய்தாய் என்று கேட்காதீர்கள்.