கம்ப்ரஸர் அறைக்கும் காற்று வேண்டும்



பருப்பு மில், அரிசி ஆலை நடத்தும் நம் அன்பர்கள் பலரிடம் இன்று கலர் சார்ட்டர் இயந்திரம் இருக்கிறது. கறுப்பு அரிசியையும் சொத்தைப் பருப்பையும் கேமரா கண்டுபிடிக்க, அழுத்தக் காற்று ஊதித் தள்ளிவிடுகிறது. அந்தக் காற்றைத் தருவது கம்ப்ரஸர். சார்ட்டருக்கு லட்சக்கணக்கில் கொட்டும் நாம், கம்ப்ரஸருக்கு ஒதுக்குவதோ மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை. போதாக்குறைக்குச் சுற்றிலும் காலிச் சாக்கை அடுக்கிக் கதவையும் பூட்டி விடுகிறோம்.

இது மில்காரர் பாடு, மளிகைக் கடைக்கு என்ன வந்தது என்று நினைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் கம்ப்ரஸர் சூடேறி நின்றால் சார்ட்டர் நிற்கும். சார்ட்டர் நின்றால் லோடு நிற்கும். முகூர்த்த நாளில் கடையில் துவரம் பருப்பு இராது. வீணாகும் மின்சாரமும் கடைசியில் மூட்டை விலையில்தான் ஏறும்.

கணக்குப் பார்ப்போம். 20 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 15 கிலோவாட். கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெப்பமாகவே வெளிவருகிறது. மூடிய அறைக்குள் 1,000 வாட் மின் அடுப்புகள் 15-ஐ எரிய விடுவதற்கு ஒப்பானது இது. வெளிக்காற்றைவிட அறைச்சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாதிருக்க, மணிக்குச் சுமார் 4,500 கன மீட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். சமையலறைக்கு வாங்கும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்குக் காணாது.

கவனியாமல் விட்டால் நஷ்டம் மூன்று வகை. இழுக்கும் காற்றின் சூடு 4 டிகிரி கூடினால் மின்செலவு 1 சதவீதம் கூடும். ஆயில் 10 டிகிரி கூடுதல் சூட்டில் ஓடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அழுத்தக் காற்று சூடாகவே போனால் டிரையரால் ஈரத்தை முழுதும் பிரிக்க முடியாது. அந்த நீர் சார்ட்டரின் வால்வுகளைக் கெடுத்து, நல்ல பருப்பைத் தள்ளிக் கெட்டதை விட்டுவிடும்.

பரிகாரம் பெரிய வித்தை அல்ல. காற்று நுழையும் வழி தாழ்வாக, நிழல் விழும் சுவரில் இருக்கட்டும். தவிடு, உமி, ஜெனரேட்டர் புகை அங்கே வரக்கூடாது. ஃபேன் எதிர்ச்சுவரில் உயரத்தில் இருக்கட்டும். மேற்சொன்ன அளவு இயந்திரத்துக்கு நுழைவழி 4 முதல் 5 சதுர அடியாவது வேண்டும்; கம்பிவலை போட்டால் இன்னும் பெரிதாக வேண்டும். நுழைவழி இல்லாமல் ஃபேன் மட்டும் சுற்றிப் பயனில்லை. சூடான காற்று வெளிவரும் வாய்க்குத் தகர டக்ட் வைத்து நேரே வெளியே விடுவது இன்னும் உத்தமம். டக்ட் நீளமானால் அதற்கும் ஒரு ஃபேன் தேவைப்படும். இயந்திரத்தைச் சுற்றி 3 அடி இடம் விடுங்கள்.

திருட்டுப் பயம், அக்கம்பக்கத்தாரின் சத்தப் புகார் என்று சிலர் சொல்வர். இரண்டும் நியாயமே. முன்னதற்கு இரும்புக் கிராதி போதும். பின்னதற்கு, திறப்பை வீடுகள் இல்லாத பக்கம் வைத்து, சற்றுத் தள்ளி ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினால் காற்று சுற்றி வரும், சத்தம் அடங்கும். சாளரத்தை அடைப்பது இதற்கு வழியாகாது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃப்ரீசரின் பின்புறம் சுவரோடு ஒட்டி, அட்டைப் பெட்டிகளை அடுக்கினால் அங்கும் இதே கதைதான்.

கம்ப்ரஸர் விற்பவர், அறைக்கு எவ்வளவு காற்று தேவை, திறப்பு எத்தனை சதுர அடி என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதித் தர வேண்டும். எழுதித் தராதவரிடம் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று நம் சங்க உறுப்பினர்கள் முடிவு செய்ய வேண்டும். அந்த அறைக்குள் தினமும் போய்த் தண்ணீர் வடித்துவிட்டு வருபவர் நம்மிடம் சம்பளம் வாங்கும் ஒருவர். இயந்திரமே மூச்சுத் திணறும் இடத்தில் மனிதர் எப்படி நிற்பார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.