அறியாமல் சொன்ன ‘ஹராம்’

 

சென்ற ஆண்டு ஒருநாள், அஸ்ருக்குப் பின் நடைபெறும் மக்தப் வகுப்பில் பதினொரு வயது மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், போக்கிமான் விளையாடுவது ஹராமா?” என்று கேட்டான். “ஆம், ஹராம்தான்” என்று உடனே சொல்லிவிட்டேன். அந்த விளையாட்டை நான் பார்த்ததே இல்லை. அது டார்வினின் பரிணாமக் கொள்கையைப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது என்று எங்கோ கேள்விப்பட்டது ஒன்றே என் ஆதாரம்.

சில வாரங்கள் கழித்து அவனுடைய உம்மா கலங்கிய முகத்தோடு வந்தார். துபையிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய கேம்பாய் கருவியை மகன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்து விளையாடுகிறானாம்; கேட்டால் பொய் சொல்கிறானாம். அதைவிடப் பெரிய செய்தி ஒன்றையும் சொன்னார். தொழ எழுப்பினால், “நான்தான் ஹராம் செய்கிறேனே, தொழுது என்ன ஆகப்போகிறது?” என்கிறானாம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்வது குறித்துத் திருக்குர்ஆன் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் எச்சரிப்பதை நானே பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். மறுநாள் அவனை அருகில் அமர்த்தி, “எனக்கு விளையாடிக் காட்டு” என்றேன்.

நான் அறிந்துகொண்டவை இவை. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக இவ்விளையாட்டு வெளிவந்தது. இதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்தவர். அந்த ஆர்வமே விளையாட்டின் கருவாயிற்று. ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ என்பதன் சுருக்கமே போக்கிமான். அதில் 151 கற்பனை உயிரினங்கள் உண்டு. எந்த ஒரு பதிப்பிலும் எல்லா உயிரினங்களும் கிடைப்பதில்லை. ஆகையால் இரு பிள்ளைகள் தம் கருவிகளைக் கம்பியால் இணைத்துப் பரிமாறிக்கொள்ள வேண்டும்.

நான் அஞ்சிய ‘பரிணாமம்’ எது? கேட்டர்பி என்னும் புழு ஏழாம் படிநிலையில் கூட்டுப்புழுவாகிறது; பத்தாம் படிநிலையில் வண்ணத்துப்பூச்சியாகிறது. ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள்ளேயே உருமாறுகிறது. டார்வின் பேசியதோ பல தலைமுறைகளினூடே ஓர் இனம் மாறுவதைப் பற்றி. விளையாட்டு அந்தச் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறதே தவிர, அக்கொள்கையைப் போதிக்கவில்லை. நம் வீட்டு முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சியும் இதைத்தானே செய்கிறது?

நான் மட்டும் அவசரப்படவில்லை. 2001 வாக்கில் அரபு நாடுகளில் இந்தப் பெயருக்கு இஸ்லாத்துக்கு எதிரான இரகசியப் பொருள் உண்டு என்ற வதந்தி பரவியது. அது அடிப்படையற்றது. அதே ஆண்டு சவூதி அரேபிய மார்க்க அறிஞர்கள் இதற்குத் தடை விதித்தபோது, அவர்கள் சொன்ன காரணங்களுள் சூதாட்டமும் ஒன்று. வதந்தியைத் தள்ளலாம், ஆனால் சூதாட்டம் என்ற காரணத்தைத் தள்ள முடியாது. பழைய பதிப்பில் ஒரு நகரத்தில் சூதாட்டப் பொறிகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே செலவாவது விளையாட்டுப் பணம்தான். ஆயினும் மைஸிரின் சுவையைப் பிள்ளை அங்கே பழகுகிறது. பிந்தைய பதிப்புகளில் தயாரித்தவர்களே அப்பொறிகளை நீக்கிவிட்டனர். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் மீண்டும் மீண்டும் காசு கொடுத்து வாங்கும் சீட்டுப் பொட்டலங்களையும் நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

ஆனால் கற்பனை உயிரினம் என்பதே குற்றமாகுமா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே இறக்கை முளைத்த குதிரை ஒன்று இருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டு வினவினார்கள். சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்க, பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நம் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் தமீரி, உயிரினங்களை அகரவரிசையில் தொகுத்து ‘ஹயாதுல் ஹயவான்’ என்னும் பெருநூலையே எழுதினார். உயிர்களின் பெயரை அறிந்து வியப்பது நம் மரபுக்கு அந்நியமானதன்று.

என்னை வருத்தியது வேறொன்று. ஸீல் என்னும் உயிர் 34ஆம் படிநிலையில் ட்யூகாங் ஆகும் என்று அம்மாணவன் மனப்பாடமாகச் சொன்னான். அந்தப் பெயரை ஒத்த ஆவுளியா, நம் பாக் நீரிணையில் கடற்புல் மேயும் உண்மையான உயிர் என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஹார்ஸீ என்னும் கடல் குதிரையை அறிந்தவனுக்கு, நம் கடலின் கடல் குதிரைகளுள் ஆண்தான் வயிற்றுப் பையில் கருவைச் சுமக்கிறது என்பது புதுச் செய்தி. கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அதனால் தொழில் இழந்த முக்குளிப்போர் நம் ஊர்களிலேயே இருக்கின்றனர். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா கீழக்கரைக்கு எதிரே உள்ள கடலிலும் விரிந்து கிடக்கிறது. படைத்தவனின் அத்தாட்சிகள் வாசலில் இருக்க, பிள்ளை திரையில் மட்டுமே வியக்கிறான் என்றால், தவறு அவனுடையதா, அவற்றைக் காட்டாத நம்முடையதா?

வகுப்பு முன்னிலையில் அவனிடம், “வாப்பா, நான் அறியாமல் சொன்னேன், தவறு என்னுடையது” என்றேன். பின் மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். இதனால் தொழுகை தவறுகிறதா? இதில் சூதோ, வீண்செலவோ உண்டா? இதற்காக வீட்டில் பொய் சொல்ல நேர்கிறதா? ஒன்றுக்கேனும் “ஆம்” என்றால் கருவியை மூடிவை. இல்லையேல் உம்மா குறித்த நேரத்துக்குள் விளையாடு. கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன்: விளையாட்டில் ஓர் உயிரைப் பிடித்தால், நம் கடலில் ஓர் உயிரின் பெயரையும் இயல்பையும் கேட்டறிந்து ஏட்டில் எழுத வேண்டும். அவனுடைய ஏட்டில் இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பாதிக்கு மேல் அவனுடைய பாட்டனார் சொல்லித் தந்தவை. மஃரிபுக்கு அவன் முதல் வரிசையில் நிற்கிறான்.

ஆலிம்களும் பெற்றோர்களும் சிந்திக்க வேண்டுகிறேன். ‘ஹராம்’ என்பது அல்லாஹ்வுக்கு உரிய சொல். ஆராயாமல் அதை எடுத்தாளும்போது, ஒரு விளையாட்டை விலக்குவதாக எண்ணிப் பிள்ளையையே தொழுகையிலிருந்து விலக்கிவிடக்கூடும். தெரியாததைத் “தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லும் துணிவை வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.