அடிவாங்குவது சிலுவை சுமப்பதல்ல

உபவாச ஜெபம் முடிந்து பாய்களைச் சுருட்டும் நேரம். கன்றிப்போன கையை முந்தானையால் மூடிக்கொண்டு ஒரு பெண் தயங்கி நிற்பாள். மூத்த சகோதரி ஒருவர் அவள் தோளைத் தட்டி, "பொறுத்துக்கோம்மா. ஆண்டவரே மறுகன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்காரு. நீ ஜெபம் பண்ணு, அவர் மாறிடுவாரு" என்பார். நம் சபைகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். வேதத்தைத்தான் சொல்கிறோம் என்று மனதார நம்புகிறார்கள். ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் மறுகன்னம். மத்தேயு 5-ஆம் அதிகாரம் குறிப்பாக வலக்கன்னத்தைச் சொல்கிறது. எதிரே நிற்பவன் வலக்கையால் ஓங்கி அறைந்தால் அடி இடக்கன்னத்தில்தான் விழும். வலக்கன்னத்தில் விழ வேண்டுமானால் புறங்கையால் அடிக்க வேண்டும். அதில் வலியைவிட அவமானமே பெரிது. யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், கன்னத்தில் அறைந்தவன் 200 சூஸ் கொடுக்க வேண்டும், புறங்கையால் அறைந்தவன் 400 சூஸ் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அவமானத்துக்குப் பதில் அவமானம் செய்யாதே, பழிக்குப் பழி என்று கணக்குத் தீர்க்காதே என்பதே இயேசுவின் போதனை என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். கழுத்தை நெரிப்பவனிடம் கழுத்தை நீட்டிக்கொடு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆசாரியன் அன்னாவின் முன்னிலையில் ஒரு சேவகன் தன்னை அறைந்தபோது அவரே மறுகன்னத்தைத் திருப்பவில்லை. தான் பேசியதில் தப்பிருந்தால் காட்டும்படியும், இல்லையென்றால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் கேட்டார். யோவான் 18-இல் இருக்கிறது.

"இயேசு சிலுவையில் பொறுமையாகப் பாடுபட்டாரே, நாமும் நம் சிலுவையைச் சுமக்க வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். சிலுவை அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. அதுவரை அவர் அகப்பட்ட இடத்திலெல்லாம் அடிபட்டுக்கொண்டிருக்கவில்லை. நாசரேத்து ஜனங்கள் மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது அவர்கள் நடுவிலிருந்து விலகிப் போனார். தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்துகொண்டார். ஓர் ஊரில் துன்புறுத்தினால் வேறு ஊருக்கு ஓடிப்போகும்படி சீஷர்களுக்கும் சொல்லி வைத்தார். சவுல் ராஜாவின் ஆட்கள் வீட்டைக் காவல் காத்தபோது தாவீதை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு அனுப்பியவள் அவன் மனைவி மீகாள். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள்.

அதே பவுலை எருசலேமில் பாருங்கள். சாட்டையால் அடிக்க வாரினால் கட்டும்போதே, தான் ரோமக் குடிமகன் என்பதை எடுத்துச் சொல்லி அந்த அடியைத் தடுத்தார். பிறகு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அவரைக் கொல்லாமல் சாப்பிடுவதில்லை என்று சபதம் செய்தார்கள். பவுலின் சகோதரி மகன், அவர் காவலில் இருந்த கோட்டைக்குள் வந்து அதைச் சொன்னான். ஜெபித்துக்கொண்டு சும்மா இரு என்று பவுல் அவனிடம் சொல்லவில்லை. நூற்றுக்கு அதிபதி ஒருவனைக் கூப்பிட்டு, பையனைச் சேனாபதியிடம் அழைத்துப் போகச் சொன்னார். சேனாபதி பையனின் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய் விசாரித்தான். அன்றிரவே 200 காலாட்கள், 70 குதிரைவீரர்கள், 200 ஈட்டிக்காரர்கள் காவலோடு பவுல் செசரியாவுக்குப் புறப்பட்டார். ஆபத்தில் இருக்கும் ஒருவர் அதிகாரிகளிடம் பாதுகாப்புக் கேட்பது அவிசுவாசம் என்றால் பவுலும் அவிசுவாசிதான்.

விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுகிறவர்கள் இந்தக் காட்சியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொரிந்துவில் பவுல் கண்டித்தது சகோதரர்கள் அற்பக் காரியங்களுக்கு வழக்காடியதை. உயிர் ஆபத்தில் அவரே இராயனுக்கு அபயமிட்டார். இங்கே நம் நாட்டில் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, ஒரு கிறிஸ்தவ மனைவி கொடுமையை மட்டும் காட்டி மணமுறிவு கேட்க முடியாமல் இருந்தது. கணவனின் விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அது மாற 2001 வரை ஆனது. அத்தனை காலம் அடைத்திருந்த கதவு திறந்த பிறகும், சபை அதை வசனம் சொல்லி அடைப்பது பாவம்.

மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு எழுதியதை எடுத்துக்காட்டுவார்கள். அதே அதிகாரத்தில் ஏழாம் வசனம் கணவர்களுக்கானது. மனைவியைக் கனப்படுத்தாதவனின் ஜெபம் தடைபடும் என்று அது எச்சரிக்கிறது. எத்தனை ஞாயிறு பிரசங்கங்களில் இதைக் கேட்டிருக்கிறோம்?

"அப்படியானால் ஆயுதம் எடுக்கச் சொல்கிறீர்களா?" இல்லை. லூக்கா 22-இல் வரும் இரண்டு பட்டயங்களைப் பிடித்துக்கொண்டு ஆயுதம் வைத்திருப்பதே விசுவாசம் என்று பேசுவதையும் நான் ஏற்கவில்லை. பேதுரு பட்டயத்தை வீசியதும் இயேசு தடுத்தார், வெட்டுப்பட்ட காதைச் சுகமாக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதியது எனக்குச் சரியாகப் படுகிறது: தாக்குபவனைத் தடுத்து உயிரைக் காத்துக்கொள்வது பாவமல்ல, தேவைக்கு மேல் வன்முறை செய்வதுதான் தவறு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவும் தற்காப்புக்கு ஏறக்குறைய இதே எல்லையைத்தான் வகுக்கிறது.

எதிர்த்துத் தாக்குவதே இல்லை என்று உறுதி எடுத்தவர்களும் கிறிஸ்தவத்தில் உண்டு. நெதர்லாந்தில் டிர்க் வில்லம்ஸ் என்ற அனபாப்டிஸ்ட் விசுவாசி, துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தபோது திரும்பிப் போய்க் காப்பாற்றினார். அதனாலேயே பிடிபட்டு 1569-இல் எரிக்கப்பட்டார். அவர் முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவரும் முதலில் சிறையிலிருந்து தப்பித்து ஓடியவர். திரும்பிப் போனது அவர் தாமாக எடுத்த முடிவு. அந்த முடிவை இன்னொருவர் முதுகில் ஏற்றி வைக்க எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை.

போதகர்களே, ஐக்கிய சங்கச் சகோதரிகளே, அடுத்த முறை அப்படி ஒரு பெண் வந்து நின்றால், இன்று ராத்திரி தங்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளுக்குக் கொடுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவள் அந்த வீட்டிலேயே குடியிருக்கவும், பாதுகாப்பு உத்தரவு பெறவும் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம் என்பதைச் சொல்லுங்கள். அவளோடு காவல் நிலையம் வரை நீங்களும் போங்கள். ஜெபத்தைப் போகிற வழியில் செய்யலாம்.