வெள்ளித்திரை: நொறுங்கிய சிலுவை



சென்ற திங்கள் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று பல நாள் என் மேசையை விட்டு அகலவில்லை. எழுதியவர் ஒரு தாயார். பத்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகன், நண்பனின் கைப்பேசியில் ஆங்கிலப் பேய்ப்படம் ஒன்றைப் பார்த்திருக்கிறான். அன்றிரவு முதல் வீட்டுப் பீடத்திலிருந்த பாடுபட்ட சுரூபத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உறங்குகிறானாம். மூன்றாம் நாள், "சிலுவையைக் காட்டினால் காட்டேரி உண்மையிலேயே ஓடிவிடுமா, அம்மா?" என்று கேட்டானாம். அடுத்த தெருவிலுள்ள அண்ணன் முறையினன் ஒருவனோ, "நீ பார்த்தது புதுப் படம், பழைய படந்தான் நல்ல படம், அதைப் பார்" என்று சொல்லியிருக்கிறான். தாயார் என்னிடம் கேட்பவை இரண்டு. மகனுக்கு என்ன விடை சொல்வது? பழைய படத்தைக் காட்டலாமா?

படத்தின் பெயர் 'ஃபிரைட் நைட்'. 'அச்சமூட்டும் இரவு' என்று தமிழில் சொல்லலாம். 1985-ஆம் ஆண்டில் டாம் ஹாலண்ட் என்பவர் எழுதி இயக்கிய அமெரிக்கப் படம் அது. அவர் இயக்கிய முதற் படமும் அதுவே. 2011-இல் கிரெய்க் கில்லெஸ்பி அதே பெயரில் மீண்டும் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். என் வயதுக்கு அது சற்றே மிகுதியான தண்டனை என்று வீட்டில் நகைத்தார்கள்.

கத்தோலிக்கக் குடும்ப இதழில் இரத்தக் காட்டேரிக்கு இடமுண்டோ என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் 45 படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. சமயம், நன்னெறி, கலை என்னும் மூன்று பிரிவுகளில், கலைப் பிரிவில் இடம்பெற்ற படங்களுள் ஒன்று முர்னோவின் 'நோஸ்ஃபெராட்டு' (1922). காட்டேரிப் படங்களுக்கெல்லாம் மூத்த பாட்டன் அது. ஆகவே பெரியோர் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை.

மேலும், காட்டேரிக் கதைக்கும் சிலுவைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட 'டிராகுலா' புதினத்தில், கோட்டைக்குப் புறப்படும் ஆங்கில இளைஞனுக்கு விடுதிக்கார மூதாட்டி ஒருத்தி தன் கழுத்திலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி அணிவிக்கிறாள். அவனோ ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தவன். இத்தகையவற்றை உருவ வழிபாடு என்று கருதும்படி வளர்க்கப்பட்டவன். மறுக்கவும் மனமில்லாமல், ஏற்கவும் மனமில்லாமல் வாங்கிக்கொள்கிறான். பின்னர் அதுவே அவனைக் காக்கிறது. நம்பாதவன் கையிலிருக்கும் புனிதப் பொருள் அவனுக்கு என்ன செய்யும் என்னும் கேள்வி அந்த விடுதி வாசலிலேயே பிறந்துவிட்டது. 1958-இல் வெளிவந்த ஆங்கிலேய 'டிராகுலா' படத்தில் நடிகர் பீட்டர் குஷிங் இரண்டு மெழுகுதிரித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்தே காட்டேரியை மடக்கிவிடுவார். அங்கே சிலுவை வடிவமே போதுமானதாயிற்று. பிடித்தவர் உள்ளம் எப்படி என்று எவரும் கேட்கவில்லை.

ஹாலண்டின் படம் அதைத்தான் கேட்டது. கதை எளிது. சார்லி என்னும் பள்ளி மாணவன் தன் அடுத்த வீட்டிற் குடிவந்த ஜெர்ரி என்பவன் இரத்தக் காட்டேரி என்று கண்டுகொள்கிறான். தந்தையில்லாத வீடு, தாயோ புதிய அண்டை வீட்டுக்காரரை அன்புடன் உள்ளே அழைக்கிறாள். அழைப்பின்றிக் காட்டேரி நுழைய இயலாது என்பது மரபு. அவள் அறியாமலே கதவைத் திறந்துவிடுகிறாள். காவலர் நம்பவில்லை, காதலி ஏமி நம்பவில்லை, தோழன் எட் நம்பவில்லை. 'புலி வருகிறது' என்று கத்திய சிறுவன் கதையை நாமறிவோம். இங்கே சிறுவன் ஒரு முறையேனும் பொய் சொன்னவனல்லன். ஆயினும் கேட்பாரில்லை.

வேறு வழியின்றி அவன் பீட்டர் வின்சென்ட் என்பவரைத் தேடிச் செல்கிறான். இவர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் நள்ளிரவில் பழைய பேய்ப்படங்களை அறிமுகம் செய்பவர். தம்மைக் 'காட்டேரி கொல்லும் வீரர்' என்று சொல்லிக்கொள்பவர். பீட்டர் குஷிங், வின்சென்ட் பிரைஸ் என்னும் இரு பேய்ப்பட நடிகர்களின் பெயர்களை ஒட்டவைத்து இயற்றிய பெயர் அது. சார்லி வந்து நிற்கும் வேளையில் அவருக்கு வேலை போய்விட்டது. இளைஞருக்கு இப்போது காட்டேரிகள் வேண்டாமாம். முகமூடியணிந்து கோடரியால் வெட்டும் வெறியர்களே வேண்டுமாம். அவர் மனம் வெதும்பிச் சொல்லும் இச்சொற்கள் 1980-களின் திரையுலகைப் பற்றிய உண்மையான குறிப்பே. கிழவருக்குக் காட்டேரியில் நம்பிக்கை இல்லை. தம்மிலும் நம்பிக்கை இல்லை. 500 டாலருக்கு நம்பியதுபோல் நடிக்க இசைகிறார். அவர் 'தீர்த்தம்' என்று கொண்டுவருவதும் வெறும் குழாய்த் தண்ணீர். ஜெர்ரி அதைப் புன்னகையோடு பருகுகிறான்.

பின்னர் வருகிறது அந்தக் காட்சி. ஜெர்ரியின் வீட்டு மாடிப்படியருகே பீட்டர் வின்சென்ட் தம் படங்களிற் செய்ததுபோலவே சிலுவையை உயர்த்துகிறார். காட்டேரி பின்வாங்கவில்லை. நகைத்துக்கொண்டே சிலுவையைப் பற்றி நொறுக்கி எறிகிறது. விசுவாசம் இருந்தால்தான் இது என்னிடம் பலிக்கும் என்று அதுவே அவருக்கு ஞானோபதேசம் செய்கிறது! அடுத்த கணம் சார்லி தன் சிலுவையை உயர்த்த, அதே காட்டேரி முகத்தை மூடிக்கொண்டு ஒதுங்குகிறது. பேய்ப்படங்கள் பல பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: காட்டேரியின் பற்களைக்காட்டிலும் அந்தக் கிழவரின் முகம் அங்கே அச்சமூட்டுகிறது. வாழ்நாளெல்லாம் பொருளறியாது சொல்லிவந்த வசனம் வெறும் வசனமே என்று ஒரு மனிதர் கண்டுகொள்ளும் முகம் அது. அவர் ஓடிவிடுகிறார்.

நடித்தவர் ராடி மெக்டவல். சிறுவனாக 'ஹௌ கிரீன் வாஸ் மை வேலி' (1941) படத்தில் நடித்துப் புகழ்பெற்றவர்; 1998-இல் மறைந்தார். ஓநாயுருவில் தம்மேற் பாயும் எட் என்னும் சிறுவனை அவர் கட்டையாற் குத்தி வீழ்த்திய பின், அவ்விலங்கு மெல்ல மெல்ல மனித உருவுக்குத் திரும்புகிறது. படம் அங்கே விரையவில்லை. கொன்றவர் அருகிலிருந்தே பார்க்கிறார். அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. ஒரு பிள்ளையின் சாவைக் காணும் முதியவரின் துயரமே இருக்கிறது. வெறுத்தொதுக்கப்பட்ட மாணவன் எட். ஜெர்ரி அவனை அச்சுறுத்தி மட்டுமன்றி, இனி உன்னை எவரும் இகழார் என்று ஆசை காட்டியும் இழுத்தான். சோதனை எப்படி வருகிறது என்பதை நம் மறையுரைகள் சிலவற்றைவிட இப்படம் நன்றாக அறிந்திருக்கிறது. (பங்குத் தந்தையர் மன்னிப்பார்களாக.)

இறுதியில் அவர் திரும்பி வந்து மீண்டும் சிலுவையை உயர்த்துகிறார். கை நடுங்குகிறது, ஆயினும் இம்முறை காட்டேரி பின்வாங்குகிறது. பலகணியில் வைகறை புலர்கிறது.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். இப்படம் கூறும் விசுவாசம் மறைக்கல்வித் தேர்வில் தேறாது. யார்மீது விசுவாசம், எதன்மீது விசுவாசம் என்று அது சொல்வதில்லை. கிழவர் இறைவனை நம்பினாரா, தம்மை நம்பினாரா, காட்டேரி உண்டென்பதைக் கண்டபின் நம்பினாரா? கண்டபின் நம்புதல் தோமையாருக்கும் கிடைத்ததுதானே. எனினும் புனிதப் பொருள் மந்திரக்கோலன்று என்னும் அளவுக்கு ஹாலண்ட் சரியாகவே கண்டார். தீர்த்தமும் சுரூபமும் தாமே இயங்கும் கருவிகளல்ல. திருச்சபையின் மன்றாட்டோடும் நம் மனநிலையோடும் பிணைந்தவை என்றுதான் நமக்கும் கற்பித்திருக்கிறார்கள்.

இனி 2011-ஆம் ஆண்டுப் படம். குறை கூறுமுன் நிறைகளைச் சொல்லிவிடுவது முறை. கதையை லாஸ் வேகாஸ் நகரின் புறத்தே, பாலைநிலத்தில் வரிசையாய்க் கட்டிய வீட்டுக் கூட்டத்துக்கு மாற்றியது நல்ல எண்ணம். இரவெல்லாம் விழித்துப் பகலில் உறங்குவோர் நிறைந்த ஊர்; 2008-ஐ ஒட்டிய வீட்டுக்கடன் நெருக்கடியில் கடனடைக்க இயலாமற் பலர் வீடிழந்த ஊர். ஒரு குடும்பம் மறைந்தால் அடுத்த வீட்டார், 'அவர்களும் போய்விட்டார்கள்போலும்' என்று எண்ணுவார்களேயன்றித் தேடமாட்டார்கள். காட்டேரிக்கு இதனினும் ஏற்ற விளைநிலம் ஏது? கோலின் ஃபாரல் ஜெர்ரியாக நன்றாகவே நடித்திருக்கிறார். அழைப்பின்றி நுழைய இயலாத வீட்டை எரிவாயுக் குழாய் வழியே வெடிக்கச் செய்து, 'வீடே இல்லையேல் அழைப்பு எதற்கு?' என்று நிற்கும் காட்சியில் நானும் சிரித்துவிட்டேன். அமெரிக்க விமர்சகர் பலர் அப்படத்தைப் பாராட்டவே செய்தனர். ஆயினும் கூட்டம் வரவில்லை. ஏறக்குறைய 3 கோடி டாலர் செலவான படத்துக்கு அமெரிக்க நாட்டில் 2 கோடிகூடத் திரும்பவில்லை. கண்ணாடி அணிந்து பார்க்கும் முப்பரிமாணப் படமாக எடுத்ததனால், குருதித் துளிகளும் சாம்பற்பொறிகளும் அடிக்கடி நம்மை நோக்கிப் பறக்கின்றன. கைப்பேசியிற் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பயனும் இல்லை.

என் ஏமாற்றம் வேறிடத்தில். பழைய படத்தில் சார்லி ஒருவனே கண்டான், எவரும் நம்பவில்லை. புதிய படத்தில் எட் முதலில் கண்டுகொள்கிறான். சார்லி நம்ப மறுக்கிறான். பழைய தோழனை உதறிவிட்டுப் பெருமைக்காரர் கூட்டத்தில் சேர்ந்தவன் சார்லி என்பதால், இதிலிருந்து ஆழமானதொன்று பிறந்திருக்கலாம். ஆனால் படத்துக்குப் பொறுமையில்லை. ஐயமும் தனிமையும் முதிருமுன்பே காட்டேரி வெளிப்படையாகத் துரத்தத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் ஓட்டமும் வெடியுந்தான்.

பீட்டர் வின்சென்ட் என்ன ஆனார்? வேலையிழந்த கிழவர் போய், மதுக்கிண்ணமும் கையுமாகத் திரியும் புகழ்பெற்ற மேடை மாயவித்தைக்காரராகிவிட்டார். டேவிட் டென்னன்ட் வேடிக்கையாகவே நடித்திருக்கிறார். இவருக்குச் சிறுவயதில் பெற்றோரைக் கொன்றது ஒரு காட்டேரி; அதுவும் இதே ஜெர்ரி! உலகத்தில் இவ்வளவு இடமிருக்க, கொலைகாரன் இவர் ஊருக்கே வந்து குடியேறுகிறான். ஆக, இவர் நம்பாதவரல்லர்; அஞ்சியவர் மட்டுமே. இவருக்கு வேண்டியது துணிவும் பழிவாங்கும் வாய்ப்பும். பழைய படத்தை இயக்கிய கேள்வி இங்கே எழ இடமேயில்லை. திரையில் சிலுவை தோன்றாமலில்லை; ஆனால் அது கதையின் அச்சாணியன்று.

அதற்கு ஈடாக வருவதுதான் என்னை மிகவும் வருத்தியது. புனித மிக்கேலால் ஆசீர்வதிக்கப்பட்ட மரக்கூர் ஒன்று வித்தைக்காரரின் சேகரிப்பில் இருக்கிறதாம். அதனாற் குத்தினால் காட்டேரி அழிவதோடு, அதனாற் கடியுண்டோர் யாவரும் மீண்டும் மனிதராகிவிடுவராம். அதிதூதர் மரக்கூர் மந்திரித்ததாக எந்த மரபிலும் கேட்டறியோம், அது போகட்டும். அக்கூரைப் பிடிப்பவன் யாராயிருந்தால் என்ன? நம்புகிறானா, அஞ்சுகிறானா, அன்பு செய்கிறானா என்று எவரும் கேட்கவில்லை. குறி தப்பாமற் குத்தினாற் போதும். சார்லி தீப்பிடிக்காத உடையணிந்து வந்து அதைச் செய்து முடிக்கிறான். துப்பாக்கிக்குக் குண்டு எப்படியோ அப்படித்தான் இங்கே புனிதர் பெயர்.

பழைய படங்களை மீண்டும் எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வெர்னர் ஹெர்சாக் 1979-இல் 'நோஸ்ஃபெராட்டு'வை மீண்டும் எடுத்தபோது, மூலப்படம் எதற்காக அஞ்சியதோ அதைத் தாமும் உணர்ந்து எடுத்தார். 2011-இன் படக்குழுவினர் அழைப்பு, கட்டை, பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டனர். பழைய ஜெர்ரியான கிறிஸ் சரண்டனைக்கூட ஒரு சிறு வேடத்தில் வரவழைத்து, புதிய ஜெர்ரி கடிக்கும்படி வைத்தனர். மாடிப்படிக் காட்சியின் பொருளை மட்டும் விட்டுவிட்டனர்.

அம்மையே, இனி உங்கள் கேள்விகள். பழைய படத்தை இப்போது காட்ட வேண்டாம். இரண்டு படங்களையும் அமெரிக்கத் தணிக்கையினர் பதினேழு வயதுக்குட்பட்டோர் பெற்றோரோ வேறு பெரியவரோ உடனிருந்து பார்க்க வேண்டியவை என்றே வகைப்படுத்தினர். 1985-ஆம் ஆண்டுப் படத்திலும் பிள்ளைகளுக்கு ஆகாத உடற்காட்சிகளும், உருகி வழியும் பிணங்களும் உண்டு. அவன் மேனிலைப் பள்ளி முடிக்கட்டும். அதன்பின் நீங்களும் உடனமர்ந்து பாருங்கள்.

சிலுவையைப் பற்றி: இரத்தக் காட்டேரி என்று ஒன்று இல்லை, ஆகவே ஓடவும் மாட்டாது என்று முதலிற் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஓரளவு ஏமாற்றமாகவும் இருக்கும். சுரூபத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுக்கும்படி வற்புறுத்த வேண்டாம். ஆனால் கழுத்தில் உறுத்தாதபடி தலைமாட்டுச் சுவரில் ஓர் ஆணியடித்து மாட்டிக் கொடுங்கள். இரவுச் செபத்தை அந்த அறையிலேயே சில நாள் குடும்பமாகச் சொல்லுங்கள். அவனையே தொடங்கச் சொல்லுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.