கதவு திறக்காத ஊரில் மாநாடா?

தோழரே,

மாநாட்டுக்கு இடம் பார்ப்பது எத்தகைய வேலை என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திடல் போதுமா, தண்ணீர் கிடைக்குமா, இரயில் நிற்குமா, ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டா, மழை வந்தால் பந்தல் தாங்குமா என்று ஆயிரம் கேள்விகளைக் கேட்டு, வரவேற்புக் குழுவினரை வாட்டி எடுத்த பிறகுதானே ஓர் ஊரை முடிவு செய்கிறோம்! அந்த ஆயிரத்துக்கும் முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் அதைக் கேட்பதில்லை. கேட்கும் தேவை நமக்கு வருவதில்லை. வரவேண்டியவர் அந்த ஊருக்குள் வர முடியுமா?

உலகத்து அறிஞர்கள் கூடும் மாநாடுகளுக்கு அந்தத் தேவை வருகிறது. அங்கே ஊர் என்றால் நாடு, நாடு என்றால் எல்லை, எல்லை என்றால் காவல், காவல் என்றால், "நீ யார்? எதற்கு வந்தாய்? உன் உடம்பிலே என்ன நோய்? உன் பையிலே என்ன மருந்து?" என்று கேட்கும் ஓர் அதிகாரி. அவர் தலையசைத்தால் நீங்கள் பேராளர். அசைக்காவிட்டால் அடுத்த விமானத்தில் ஊர் திரும்ப வேண்டியவர்.

கற்பனை செய்து சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எய்ட்ஸ் நோய் பற்றிய உலக மாநாடு பட்ட பாடு இது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக நோயைப் பற்றியா பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நமக்கு அயலான கதையும் அன்று இது. எச்.ஐ.வி. கிருமி இந்திய மண்ணில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையிலேதான். கண்டறிந்தது மருத்துவர் சுனிதி சாலமனின் குழு.

அதற்கு முந்தைய ஆண்டு, 1985இல், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் முதல் உலக மாநாடு கூடிற்று. மருத்துவர் பேசினர், ஆய்வாளர் பேசினர். நோயாளி? அவர் பேசப்பட்டார்! எண்ணாக, படமாக, பட்டியலாக. ஆயினும் அதற்கு முன்பே, 1983இல், டென்வர் நகரில் நோயுற்றவர்கள் சிலர் எழுந்து நின்று, எங்களைப் பரிதாபத்துக்குரிய பலியாடுகளாக வருணிக்காதீர், எங்களைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் இடத்தில் எங்களுக்கும் இருக்கை வேண்டும் என்று கேட்டிருந்தனர். நியாயமான கேள்வியன்றோ? வலி யாருடையதோ அவருக்கும் வாய் உண்டு என்று சொல்ல ஒரு பேரறிவு தேவையா?

அந்த இருக்கையைத்தான் 1987இல் அமெரிக்கா இழுத்து அப்பால் தள்ளியது. செனட் உறுப்பினர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: இந்தக் கிருமியை உடம்பில் உடையவர் எவரும் அமெரிக்க மண்ணில் கால்வைக்கக் கூடாது. 96 பேர் ஆதரித்து வாக்களித்தனர். எதிர்த்தவர் எவருமில்லை! பக்கத்தில் அமர்ந்தால் பரவாத நோய், கைகுலுக்கினால் பற்றாத நோய். அதுமட்டுமா? அந்நாளில் உலகிலேயே மிகுதியான எய்ட்ஸ் நோயாளிகள் பதிவாகியிருந்த நாடு அமெரிக்காவேதான். வீட்டிற்குள் வெள்ளம் புகுந்த பின், தெருவில் போகிறவன் காலில் ஈரம் இருக்கிறதா என்று சோதித்தார்கள்!

1989 ஏப்ரலில் ஹான்ஸ் பால் வெர்ஹூஃப் என்ற டச்சுக்காரர் வந்தார். எய்ட்ஸ் பற்றி மக்களுக்கு எடுத்துரைக்கும் பணியில் இருந்தவர், தாமும் நோயுற்றவர். சான் பிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த சுகாதார மாநாடு ஒன்றுக்காகப் பயணம். வழியிலே மினியாபொலிஸ் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தனர். உள்ளே ஏ.இசட்.டி. மருந்து! கைது செய்தனர், சிறையில் அடைத்தனர். சில நாட்கள் கழித்து, நீதிபதியின் உத்தரவு பெற்றே அவர் வெளிவர முடிந்தது. துப்பாக்கி கடத்தியவன் அல்லன், தங்கம் கடத்தியவன் அல்லன். தன் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மாத்திரையைக் கொண்டுவந்தவன். நாடகத்திலே இப்படியொரு காட்சியை எழுதினால், "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், மிகையாக இருக்கிறது" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு.

இந்தச் சட்டம் உயிரோடிருக்க, 1990ஆம் ஆண்டு உலக மாநாடு அதே சான் பிரான்சிஸ்கோவில் என்று குறிக்கப்பட்டிருந்தது. உலகமெங்கும் முணுமுணுப்பு, பிறகு முழக்கம். அமெரிக்க அரசு ஒரு தந்திரம் செய்தது. மாநாட்டுக்கு வருகிறவர்க்கு 10 நாள் தனி விசா தருவோம், நோய் உண்டா இல்லையா என்று கேட்கமாட்டோம் என்றது. பத்து நாள் மனிதன்! பதினோராம் நாள் ஆபத்து! பத்து நாளில் பரவாத கிருமி பதினோராம் நாள் பரவுமோ? இந்தச் சலுகையே அந்தச் சட்டம் பொய் என்பதற்கு அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் என்பேன் நான்.

செஞ்சிலுவைச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு உட்படப் பல அமைப்புகள் அம்மாநாட்டைப் புறக்கணித்தன. உள்ளே சென்றவர்களும் சும்மா இருக்கவில்லை. நிறைவு நாளில் அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலாளர், நம் வழக்கில் சொன்னால் அமைச்சர், லூயிஸ் சல்லிவன் பேச எழுந்தார். ஊதல் ஒலியும் கூக்குரலும் அரங்கை நிறைத்தன. அவர் உதடு அசைந்தது, சொல் கேட்கவில்லை.

புறக்கணித்தது சரியா, உள்ளே சென்று கூவியது சரியா என்று இன்றும் வழக்காடுவார் உண்டு. போகாதே என்று சொல்வது எளிது. ஆனால் அந்த நகரம் எது? எய்ட்ஸ் நோயால் வீட்டுக்கு வீடு இழவு கண்ட நகரம். வாஷிங்டனில் இயற்றிய சட்டத்துக்கு சான் பிரான்சிஸ்கோவின் நோயாளி என்ன செய்வான்? அவன் ஊருக்கு வரும் மாநாட்டையும் பறிப்பதா? இந்த வாதத்தில் உண்மை உண்டு, மறுக்கமாட்டேன். ஆயினும் ஒன்றைச் சொல்வேன். உள்ளூர் நோயாளி தெருவில் நின்றாவது கூவலாம். எல்லைக்கு அப்பால் தடுக்கப்பட்டவனுக்குத் தெருவும் இல்லை. இருவரில் எவர் குரல் முற்றாக அறுக்கப்படுகிறதோ அவர் பக்கம் நிற்பதே முறை.

அந்த முறையைத்தான் அடுத்து மேற்கொண்டனர். 1992ஆம் ஆண்டு மாநாடு பாஸ்டன் நகரில் கூடுவதாக இருந்தது. ஏற்பாடு செய்தது ஹார்வர்டு பல்கலைக்கழகம். எத்தனை பெரிய பெயர், எத்தனை பெரிய செல்வாக்கு! அந்தப் பல்கலைக்கழகம் 1991இல், தடை நீங்காத நாட்டில் மாநாடு இல்லை என்று அறிவித்தது. ஜொனாதன் மான் தலைமையில் மாநாடு ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்றது. மருத்துவர்கள், பேராசிரியர்கள், பட்டங்களைச் சுமந்தவர்கள்! கொடி பிடித்துப் பழகாதவர்கள். அவர்கள் செய்தார்கள், தோழரே, அவர்கள் செய்தார்கள்.

செய்தவுடன் சட்டம் சரிந்துவிட்டதா? இல்லை. 1993இல் அமெரிக்கப் பாராளுமன்றம் தடையை இன்னும் இறுக்கிச் சட்டமாகவே ஆக்கிற்று. ஊரை மாற்றினால் உலகம் மாறிவிடும் என்று நான் உங்களை ஏமாற்றமாட்டேன். 2008இல்தான் சட்டத்திலிருந்து அத்தடை நீக்கப்பட்டது. 2010 ஜனவரி 4 அன்றுதான் நடைமுறையிலும் ஒழிந்தது. 1990க்குப் பிறகு 2012 வரை, 22 ஆண்டுகள், அமெரிக்க மண்ணில் அம்மாநாடு கூடவே இல்லை. ஆராய்ச்சிக்கு எல்லாரையும் விட மிகுதியாகப் பணம் செலவிட்ட நாடு, அந்த ஆராய்ச்சியின் பெருவிழாவுக்கு வீட்டுக்காரனாக இருக்க முடியாமல் விருந்தாளியாகவே அலைந்தது.

அப்படியானால் கெட்ட அரசு நடக்கும் நாட்டுக்கெல்லாம் போகாதே என்பதுதான் விதியா என்று கேட்பீர்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். 2000ஆம் ஆண்டு மாநாடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கூடிற்று. வளரும் நாடொன்றில் அதுவே முதல் முறை. அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தாபோ இம்பெக்கியோ, எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி. கிருமிதானா என்றே ஐயம் கிளப்பிக்கொண்டிருந்தவர். அறிவியலுக்கு எதிரான பேச்சு. மருந்துக்கு வழி மறித்த ஆட்சி. போகக் கூடாத ஊர் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

போனார்கள். போனது சரி.

ஏனெனில் டர்பனின் வாயிலில் நோயாளியைத் தடுக்க ஆளில்லை. திறப்பு நாள் மேடையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் ஏறினான். நிகோசி ஜான்சன் அவன் பெயர். பிறக்கும்போதே கிருமியோடு பிறந்தவன். 1997இல் அவன் சேரப்போன பள்ளிக்கூடம் நோயைக் காட்டி அவனைச் சேர்க்கத் தயங்கிற்று. நாடே அது குறித்து வழக்காடிற்று. அந்தச் சிறுவன், உலகத்து மருத்துவர் முன்னிலையில், தன் நாட்டுத் தலைவரும் இருந்த மன்றத்தில், கருவுற்ற தாய்மார்க்கு மருந்து கொடுங்கள், குழந்தைகள் சாகக் கூடாது என்று கேட்டான். மறு ஆண்டு ஜூன் திங்களில் இறந்தான். அதே மாநாட்டில் நீதிபதி எட்வின் கேமரான் எழுந்து, தாமும் கிருமி உடையவர் என்றார். தாம் உயிரோடு நிற்பது மருந்தை விலைகொடுத்து வாங்க முடிந்ததனால்தான் என்றார்.

ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலையிருந்த மருந்து அது! பாரிசிலும் ஜெனீவாவிலும் கூடியபோது மருந்தின் குணத்தைப் பேசினார்கள். டர்பனில் மருந்தின் விலையைப் பேசினார்கள். அந்த ஊரிலே கூடாமல் இருந்தால் அந்தப் பேச்சு அத்தனை உரக்க எழுந்திருக்குமா? 2001 பிப்ரவரியில் நம் நாட்டு சிப்லா நிறுவனம், ஓர் ஆண்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. டர்பனால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன். டர்பனில் எழுந்த குரல் காற்றிலே இருந்தபோது வந்தது.

ஆகவே ஆட்சி நல்லதா என்பதைவிட, கதவு திறந்திருக்கிறதா, வந்தவன் வாய் திறக்கலாமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தீய ஆட்சியின் முகத்துக்கு நேரே பேச முடியுமென்றால் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

2012இல் மாநாடு மீண்டும் வாஷிங்டனுக்குச் சென்றது. தடை போயிற்று என்று கொண்டாடினர். ஆனால் பாலியல் தொழிலாளர்க்கும், போதை மருந்துப் பழக்கம் உடையவர்க்கும் அமெரிக்க விசாச் சட்டம் இன்னொரு பூட்டு வைத்திருந்தது. நோய் தாக்குவதில் முன்வரிசை. மண்டபத்தில் வரிசையே இல்லை! பல நாட்டுப் பாலியல் தொழிலாளர்கள் அந்த ஜூலையில் எங்கே கூடினர் தெரியுமா? கொல்கத்தாவில். வாஷிங்டனில் பெரியவர்கள் கூடியிருக்க, வங்கத்து மண்ணில் அவர்கள் தங்கள் மாநாட்டைத் தாங்களே நடத்தினர். ஒரு நோய்க்கு இரண்டு மாநாடு. இந்தப் பிளவை நடுக்கத்தோடு பார்த்திருக்க வேண்டியவர்கள், 2020க்கு மறுபடியும் சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையுமே குறித்தனர். எதிர்த்தவர்கள் மெக்சிகோ நகரில் மாற்று மாநாடு என்று கிளம்பினர். கொரோனா வந்து எல்லாரையும் கணினித் திரைக்குள் அடைத்துவிட்டதால் வழக்கு தீர்ப்பின்றி நின்றது.

பிறகு 2022. கனடாவின் மாண்ட்ரியல் நகரம். இதே நகரில்தான் 1989இல் நோயாளிகள் திறப்பு மேடையை அடைந்து, தாங்களே மாநாட்டைத் தொடங்கி வைத்தனர்! கனடாவில் கிருமி உடையவர் மாநாட்டுக்கு வரத் தடையில்லை. செனட் உறுப்பினர் எவரும் திருத்தம் கொண்டுவரவில்லை. ஆயினும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற ஏழை நாடுகளிலிருந்தும் வரவேண்டிய பேராளர் பலருக்கு விசா மறுக்கப்பட்டது. இன்னும் பலருக்குப் பதிலே வரவில்லை. உகாண்டாவைச் சேர்ந்த வின்னி பியான்யிமா, ஐக்கிய நாடுகள் அவையின் எய்ட்ஸ் அமைப்புக்கே தலைவி, ஜெனீவா விமான நிலையத்தில் தாள்களைத் திரும்பத் திரும்பச் சோதித்து, ஏறவிடாமல் நிறுத்தப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டார். தலைவிக்கே அந்தக் கதி என்றால், ஒரு சிற்றூர் மருத்துவமனையில் செவிலியாக இருந்து முதன்முதலாக விமானம் ஏறப் புறப்பட்டவளின் விண்ணப்பம் எந்த மேசையில் கிடந்திருக்கும்?

சட்டம் போட்டுத் தடுத்தால் எதிர்த்து முழங்கலாம். மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினால் யாரை எதிர்த்து முழங்குவது? எனவே மாநாடு கூட்டுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை நாளில் விசா, எந்த அலுவலகத்தில், மறுத்தால் யாரிடம் முறையீடு, பேச அழைக்கப்பட்ட நோயாளிக்கு யார் பொறுப்பு என்பதை நாட்டரசின் கையெழுத்தோடு முதலில் பெறுங்கள். தர மறுத்தால் அடுத்த நகரத்துக்கு எழுதுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.